குப்பியில் துப்பும் முன்: டிஎன்ஏ டெஸ்ட் கிட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதைத் தெரிந்துகொள்ள?" பாதிப் பேர் "சும்மா, எல்லாத்தையும்தான்" என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எச்சிலை அனுப்பினால் எல்லாம் வந்துவிடாது. எந்தக் கேள்விக்காக அந்தச் சோதனையை வடிவமைத்தார்களோ, அந்தக் கேள்விக்குத்தான் விடை வரும். மீதியெல்லாம் பக்கத்தை நிரப்ப வருவது. அழகான வரைபடம், வண்ணச் சக்கரம், "உங்களுக்குக் கொத்தமல்லி சோப்பு மாதிரி மணக்க வாய்ப்பு உண்டு" என்கிற ரகத் தகவல் என்று அறிக்கை நீண்டுகொண்டே போகும். அதில் உங்களுக்கு நிஜமாகவே பயன்படப்போவது இரண்டு பக்கம் இருந்தால் அதிகம். அந்த இரண்டு பக்கம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் காசும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

முதல் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தச் சோதனையிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கலாம். ஆனால் அந்த வரியைப் பொறுத்துத்தான் கிட் வாங்குவதா, மருத்துவரிடம் போவதா என்பதே முடிவாகும்.

"அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது, எனக்கும் வருமா?" என்பது உங்கள் வரியாக இருந்தால் கிட் வாங்க வேண்டாம். நேராக ஒரு மருத்துவ மரபியல் நிபுணரையோ மரபணு ஆலோசகரையோ பாருங்கள். காரணம் இதுதான். 2018 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களைப் பற்றி நேரடியாக மக்களுக்கு அறிக்கை தர அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி 3 திரிபுகளுக்கு, அதாவது மரபணுவில் இருக்கும் 3 எழுத்து மாற்றங்களுக்கு, மட்டும். அந்த மூன்றும் பெரும்பாலும் அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம் காணப்படுபவை. ஆனால் இந்த இரண்டு மரபணுக்களிலும் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் திரிபுகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. வேறு வம்சாவளியில் வந்த ஒருவருக்கு "திரிபு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தால் அதன் அர்த்தம் என்ன? தொலைத்தது எங்கேயோ, தேடியது வேறெங்கேயோ. 2023ல் அந்த அனுமதி 44 திரிபுகளுக்கு விரிந்தது. அப்போதும் கதை பெரிதாக மாறவில்லை.

குடும்ப நோய் விஷயத்தில் பலருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, நோய் வந்தவரை. அவரிடம் காரணமான திரிபு கிடைத்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அப்போதுதான் "இல்லை" என்ற விடைக்கு மதிப்பு வரும். அவரைச் சோதிக்காமல் உங்களை மட்டும் சோதித்து "இல்லை" என்று வந்தால், அது நிஜமாகவே இல்லையா, அல்லது கண்டுபிடிக்க முடியவில்லையா என்று சொல்ல வழியில்லை.

"குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிறோம், தலசீமியா போல எதையாவது கடத்திவிடுவோமா?" என்பது கேள்வியானால், அதற்கும் மருத்துவ ரீதியான கேரியர் சோதனைதான் சரி, அதாவது நமக்கு நோய் இல்லாமலேயே மரபணுவின் தவறான பிரதியைச் சுமக்கிறோமா என்று பார்ப்பது. இருவரும் ஒரே மரபணுவில் தவறான பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4ல் 1 வாய்ப்பு. தலசீமியாவைப் பொறுத்தவரை சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் முதல் துப்பு கிடைத்துவிடும்.

"முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள்? தெரியாத சொந்தங்கள் இருக்கிறார்களா?" என்றால் கிட் வாங்கலாம். சும்மா ஆர்வம்தான் என்றாலும் வாங்கலாம், தப்பில்லை. ஆர்வத்துக்காக வாங்கியதை மருத்துவ முடிவுக்குப் பயன்படுத்தாமல் இருந்தால் சரி.

இரண்டாம் படி: பெட்டிக்குள் என்ன தொழில்நுட்பம் என்று பாருங்கள்

மனித மரபணுத் தொகுதி ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்ட, சுமார் 320 கோடி எழுத்துகள் கொண்டது. பெரும்பாலான கிட்கள் சிப் முறையில் வேலை செய்கின்றன. அதாவது முன்கூட்டியே தேர்ந்தெடுத்த 6 அல்லது 7 லட்சம் இடங்களில் மட்டும் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்கின்றன. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 5,000 எழுத்துக்கு ஒன்று. ஒரு தடிமனான நாவலில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு எழுத்தை மட்டும் படித்துவிட்டு அச்சுப்பிழை இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது போல.

பரவலாக எல்லோரிடமும் காணப்படும் திரிபுகளைச் சிப் மிக நன்றாகவே படிக்கும். அரிதான திரிபுகளில்தான் தடுமாறும். 2021ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, யுகே பயோபாங்க் என்ற பிரிட்டிஷ் ஆய்வுத் தொகுப்பின் தரவை வைத்து இதைச் சரிபார்த்தது. ஒரு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் திரிபுகளைப் பொறுத்தவரை, "இருக்கிறது" என்று சிப் சொன்னவற்றில் 16 சதவீதம்தான் உண்மை. நோய் உண்டாக்கும் திரிபுகளில் பெரும்பாலானவை இந்த அரிதான வகையில்தான் வருகின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீக்வென்சிங் முறை வேறு. எக்ஸோம் சீக்வென்சிங் என்றால் புரதங்களுக்கான குறிப்புகள் இருக்கும் பகுதியை, அதாவது மொத்தத்தில் 1 முதல் 2 சதவீதத்தை, எழுத்து விடாமல் படிப்பார்கள். முழு ஜீனோம் சீக்வென்சிங் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றையும். விலை கூடும், தகவல் கூடும், அதோடு "இந்தத் திரிபு நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை" என்ற வகைக் குழப்பமும் கூடும். அப்படிக் குறிக்கப்பட்டவற்றில் பின்னாளில் தெளிவு கிடைக்கும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. ஆகவே "முக்கியத்துவம் தெரியாத திரிபு" என்று உங்கள் அறிக்கையில் இருந்தால் அதை வைத்து எந்த அறுவைச் சிகிச்சையும் முடிவாகக் கூடாது.

எந்த நிறுவனமானாலும் வாங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். இது சிப்பா, சீக்வென்சிங்கா? ஒவ்வொரு நோய்க்கும் எத்தனை திரிபுகளைப் பார்க்கிறார்கள்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் அவர்கள் தளத்தில் இல்லையென்றால் அந்த ஆரோக்கிய அறிக்கையை ராசிபலன் அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கையெழுத்திடும் முன்

எல்லோரும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டுப் போகிற கட்டம் இது. நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். உண்மையில் அந்தப் பக்கங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு அனுமதிகள் ஒளிந்திருக்கின்றன: சோதனை செய்ய, மாதிரியைச் சேமித்துவைக்க, தரவை ஆராய்ச்சிக்குக் கொடுக்க, உறவினர் தேடலில் (டிஎன்ஏ பொருந்தும் மற்ற வாடிக்கையாளர்களுக்கு) உங்கள் பெயரைக் காட்ட. முதலாவது இல்லாமல் சோதனை நடக்காது. மற்ற மூன்றுக்கும் "வேண்டாம்" சொல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "வேண்டாம்" என்றே தொடங்குங்கள். பிறகு மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடலாம். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவதுதான் கடினம்.

உங்கள் தரவுக்கு விலை உண்டு. 2018ல் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் மருந்து நிறுவனம் 23அண்ட்மீயில் 30 கோடி டாலர் முதலீடு செய்தது. புது மருந்துகளுக்கான ஆராய்ச்சியில் வாடிக்கையாளர் தரவைப் பயன்படுத்துவதுதான் நோக்கம். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை, நானே ஓர் ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்து கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து பாஸ்வேர்டு. 2023 அக்டோபரில் 23அண்ட்மீயின் தரவு கசிந்த விதம் கவனிக்கத்தக்கது. திருடர்கள் நிறுவனத்தின் கோட்டையை உடைக்கவில்லை. வேறு தளங்களிலிருந்து களவுபோன பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்து சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து உறவினர் தேடல் வசதி வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. அதாவது பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். முகம் தெரியாத ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம் ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் போட்டு வைத்திருந்தது, அவ்வளவுதான். எனவே இதற்கென்று தனி மின்னஞ்சல், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, இரட்டைச் சரிபார்ப்பு. மூன்றும் கட்டாயம்.

2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதற்கு முன்பு வரை "நிறுவனம் கைமாறினால் என் எச்சில் யாருக்குச் சொந்தம்?" என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் "நிறுவனம் விற்கப்பட்டால்" என்று ஒரு பத்தி இருக்கும். வேறெதையும் படிக்க நேரமில்லையென்றால் அந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், மரபணு முடிவை வைத்து மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டை அது தொடவே இல்லை. பிரான்ஸில் தனிநபர் ஆர்வத்துக்காக இப்படியொரு சோதனை எடுப்பதே குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று சோதனைக்கு முன்பே விசாரித்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, வீட்டில் சொல்லுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை, தகவலாகவாவது. உங்கள் டிஎன்ஏவில் பாதி அப்பாவுடையது, பாதி அம்மாவுடையது. கூடப் பிறந்தவர்களோடும் சராசரியாகப் பாதி பொது. கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகப் பிடிபடாமல் இருந்த 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' 2018 ஏப்ரலில் கைதானது, அவர் எங்கேயும் எச்சில் கொடுத்ததால் அல்ல. ஜெட்மேட்ச் என்ற பொதுத் தளத்தில் அவருடைய தூரத்து உறவினர்கள் தங்கள் தரவை ஏற்றியிருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு வம்ச மரம் வரைந்துதான் போலீஸ் அவரை எட்டியது. கொலைகாரன் பிடிபட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதே வழியில், தத்துக் கொடுத்த குழந்தையும், விந்து தானம் செய்தவரும், அறுபது வருடம் பொத்திவைத்த குடும்ப ரகசியமும் எட்டக்கூடியவைதான். "உனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்" என்று ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு உறவினர் தேடலைத் திறங்கள்.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

சுலபம்தான், ஆனாலும் நான் முதல் தடவை சொதப்பினேன். குப்பியில் 2 மில்லி அளவுக்கு ஒரு கோடு இருக்கும். எச்சில் அந்தக் கோடு வரை வர வேண்டும், நுரை வந்தால் போதாது. நான் நுரையைக் கோடு வரை நிரப்பிவிட்டு வெற்றிகரமாக மூடி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து "மாதிரி போதவில்லை" என்று பதில் வந்தது.

சோதனைக்கு முன் 30 நிமிடம் சாப்பிட, குடிக்க, புகைபிடிக்க, பல் துலக்கக் கூடாது. வாய் வறண்டிருந்தால் கன்னத்தை வெளியிலிருந்து நன்றாகத் தேய்த்துவிடுங்கள், புளிப்பான எதையாவது நினைத்துப்பாருங்கள், தானாக ஊறும். மூடியை அழுத்தியதும் அதற்குள் இருக்கும் திரவம் கீழே இறங்கி எச்சிலோடு கலக்கும். அதுதான் தபாலில் வாரக்கணக்கில் கிடந்தாலும் டிஎன்ஏ கெடாமல் காப்பது. அதனால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை. சில வினாடி குலுக்கிவிட்டு அனுப்புங்கள். குப்பியின் பார்கோடை அனுப்பும் முன்பே உங்கள் கணக்கில் பதிவு செய்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் எடுத்தால் குப்பி மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மகளுடைய அறிக்கை வந்த வீடுகள் உண்டு.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தக் கிட்டைப் பயன்படுத்தக் கூடாது. எச்சிலில் கிடைக்கும் டிஎன்ஏவில் பெரும்பங்கு வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. அந்த அணுக்கள் இப்போது தானம் கொடுத்தவருடையவை. அறிக்கை அவருடைய கதையைச் சொல்லும், அல்லது இருவர் கதையையும் குழப்பும்.

ஐந்தாம் படி: ஆரோக்கிய அறிக்கையைப் படிப்பது

முடிவு வந்த அன்று இரவே எல்லாவற்றையும் திறக்காதீர்கள். நல்ல நிறுவனங்கள் அல்சைமர், பார்க்கின்சன் போன்றவற்றைத் தனிப் பூட்டுக்குள் வைத்திருக்கும். திறக்க வேண்டுமா என்று மறுபடி கேட்கும். டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் முழு ஜீனோமும் 2007ல் வெளியிடப்பட்டபோது, அவர் ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்கச் சொன்னார்: அல்சைமரோடு தொடர்புள்ள ஏபிஓஈ மரபணு. தனக்கே தெரிய வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்து எழுத்துகளை வைத்தே ஊகித்துவிடலாம் என்று மற்ற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டிய பிறகு, இன்னும் அகலமான பகுதி மறைக்கப்பட்டது. வாட்சனுக்கே தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியதென்றால், உங்களுக்கும் தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏபிஓஈ4 வகை ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் அபாயம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு, இரண்டு பிரதி இருந்தால் 8 முதல் 12 மடங்கு என்று எழுதியிருப்பார்கள். அது விதி அல்ல. அந்த வகை இருந்தும் கடைசிவரை நினைவோடு வாழ்ந்தவர்கள் ஏராளம், இல்லாமலேயே நோய் வந்தவர்களும் ஏராளம். அதோடு, மடங்குக் கணக்கு எப்போதுமே மிரட்டும். ஒரு நோய் 1,000 பேரில் 4 பேருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அபாயம் "50 சதவீதம் அதிகம்" என்று சிவப்பு எழுத்தில் வரும். கணக்கென்னவோ 1,000ல் 6. மீதி 994 பேர் சும்மாதான் இருக்கிறார்கள். எந்த அறிக்கையிலும் "எத்தனை மடங்கு" என்பதைத் தாண்டி, "ஆயிரத்தில் எத்தனை பேர்" என்ற எண்ணைத் தேடுங்கள்.

நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் திரிபுகளைக் கூட்டி இதயநோய்க்கு ஒரு மதிப்பெண், சர்க்கரை நோய்க்கு ஒரு மதிப்பெண் என்று தருவது இப்போது பரவலாகிவருகிறது. இதில் ஒரு பெரிய ஓட்டை: இந்த மதிப்பெண்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ 5ல் 4 பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர். மற்ற வம்சாவளியினருக்கு அதே அளவுகோலைப் பிடித்தால் துல்லியம் குறைகிறது. வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, போட்டுக்கொள்ளலாம், தோள்பட்டை சரியாக உட்காராது. உங்கள் வம்சாவளியில் சரிபார்க்கப்பட்டதா என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றும் பகுதி மருந்துகளைப் பற்றியது. குளோபிடோக்ரெல் என்ற மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்க, ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுப்பது. அது உடலுக்குள் போய், சிஒய்பி2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாது. மாத்திரை உள்ளே போகும், பலன் இருக்காது. 2010ல் எஃப்டிஏ அந்த மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் செய்தது. வலிப்பு மருந்தான கார்பமாசெபினும் அப்படித்தான். எச்எல்ஏ-பி என்ற மரபணுவில் 15:02 என்ற திரிபு உள்ளவர்களுக்கு அது தோலையே உரித்தெடுக்கும் கொடிய ஒவ்வாமையைத் தரலாம். இது ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் என்பதால் 2007லேயே எச்சரிக்கை வந்தது. உங்கள் அறிக்கையில் இப்படி ஏதாவது இருந்தால் அச்செடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம்.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டியவை: மரபணுவுக்கேற்ற உணவுத் திட்டம், மரபணுவுக்கேற்ற சருமப் பராமரிப்பு, "எம்டிஎச்எஃப்ஆர் கோளாறு". இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் விளம்பரம் அதிகம். எம்டிஎச்எஃப்ஆர் என்பது ஒரு மரபணு, அதில் கோளாறு என்று சொல்லப்படும் திரிபு கோடிக்கணக்கான ஆரோக்கியமான மனிதர்களிடம் இருக்கிறது. ரத்தம் உறையும் கோளாறுக்காக அதைச் சோதிப்பதே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2013லேயே சொல்லிவிட்டது. அறிக்கை கொடுக்கிற இடமே மாத்திரையும் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூலத் தரவைத் திறந்து பார்ப்பவர்களுக்கு

பல நிறுவனங்கள் உங்கள் தரவை ஒரு கோப்பாகத் தரவிறக்க விடும். திறந்தால் 6 லட்சத்துக்கும் மேல் வரிகள், எல்லாம் ஒரே மாதிரி. என் கோப்பிலிருந்து ஒரு வரி: ஆர்எஸ்4988235, குரோமோசோம் 2, இடம் 136608646, ஜிஜி. முதலில் இருப்பது அந்த இடத்தின் அடையாள எண். கடைசியில் இருப்பது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு எழுத்து.

பெரியவரான பிறகும் பால் செரிக்குமா என்பதோடு தொடர்புள்ள இடம் இது. ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தால் அங்கே "சி அல்லது டி" என்று எழுதியிருக்கும். என் கோப்பிலோ ஜி. தப்பா? இல்லை. டிஎன்ஏ இரட்டை இழை, ஒரு பக்கம் சி என்றால் எதிர்ப்பக்கம் ஜி. கட்டுரை ஒரு இழையைப் படிக்கிறது, கோப்பு மற்றதைப் படிக்கிறது. இது தெரியாமல் தன் கோப்பைக் கட்டுரையோடு ஒப்பிட்டு நடு இரவில் பதறியவர்கள் பலர். சரி, இழையைத் திருப்பிப் பார்த்தால் என்னுடையது சிசி, அதாவது எனக்குப் பால் செரிக்கக் கூடாது. நான் தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. ஐரோப்பியர்களிடம் இந்த எழுத்து செய்யும் வேலையைக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் பக்கத்திலேயே இருக்கும் வேறு எழுத்துகள் செய்கின்றன. அது போக, குடலில் வாழும் நுண்ணுயிர்களும் பழகிவிடுகின்றன. ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல முடிவது இவ்வளவுதான்.

இந்தக் கோப்பை வாங்கி அலசித் தருகிறோம் என்று நிறையத் தளங்கள் உண்டு. அப்படி ஒன்றில் ஏற்றிப் பார்த்தபோது எனக்கு அரிய இதயத் தசை நோய்க்கான திரிபு இருப்பதாகச் சொன்னது. இரண்டு நாள் தூக்கமில்லை. மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதித்தால் அப்படி எதுவுமே இல்லை. சிப் தவறாகப் படித்த இடம். மூலத் தரவில் வரும் எந்தக் கெட்ட செய்தியும், மருத்துவ ஆய்வகம் புது மாதிரியில் உறுதிசெய்யும் வரை வதந்திதான்.

ஆறாம் படி: வம்சாவளிச் சதவீதம்

"38 சதவீதம் இந்தப் பகுதி, 9 சதவீதம் அந்தப் பகுதி" என்று வரும் எண்கள் அளவெடுத்தவை அல்ல, மதிப்பிட்டவை. நிறுவனத்திடம் பல பகுதிகளைச் சேர்ந்த, இன்று வாழும் மனிதர்களின் ஒப்பீட்டுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் யாரைப் போல இருக்கிறது என்று பார்க்கிறார்கள். தொகுப்பில் ஓர் இனக்குழுவே இல்லையென்றால், அந்தத் துண்டு அதற்கடுத்து நெருக்கமான குழுவின் கணக்கில் போய்ச் சேரும். தொகுப்பு மாறினால் உங்கள் முன்னோர்களும் மாறுவார்கள். என் அறிக்கையில் முதலில் 7 சதவீதம் இருந்த ஒரு பகுதி, அடுத்த வருடப் புதுப்பிப்பில் காணாமலே போனது. அதற்குள் அந்தப் பகுதியின் வரலாற்றை வேறு உட்கார்ந்து படித்து முடித்திருந்தேன்.

2019ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரிகளின் மாதிரிகளை 5 நிறுவனங்களுக்கு அனுப்பியது. டிஎன்ஏ இருவருக்கும் ஏறக்குறைய அச்சு அசல் ஒன்று. ஆனால் சதவீதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இருவருக்கும் வேறு வேறாக வந்தவையும் உண்டு. கண்டம் அளவில் சொல்வதை நம்பலாம். நாடு, மாவட்டம் என்று இறங்க இறங்க நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை நான் கண்டுகொள்வதே இல்லை.

ஒய் குரோமோசோம் சோதனை அப்பா, அப்பாவின் அப்பா என்று ஆண்வழியை மட்டும் தொடரும். மைட்டோகாண்ட்ரியா சோதனை அம்மா, அம்மாவின் அம்மா என்று பெண்வழியை மட்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் அதில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகின்றன. "நான் இன்ன குழு" என்று அதை வைத்து மார்தட்டுபவர்கள் மீதி 1,023 பேரையும் மறந்துவிடுகிறார்கள்.

ஏழாம் படி: உறவினர் பட்டியல்

சதவீதத்தைவிட இதுதான் நம்பத்தகுந்த பகுதி. இருவருக்கிடையே பொதுவான டிஎன்ஏவை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 அல்லது அதற்குச் சற்று மேல், கூடப் பிறந்தவர்களுக்குச் சுமார் 2,600, ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு 870 அளவில், இரண்டுவிட்டவர்களுக்கு 230 அளவில். கணினிக்குச் சித்தப்பா மகனும் அத்தை மகனும் ஒன்றுதான், முறை தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

பட்டியலில் 1,750 என்று ஓர் எண் வந்தால் நிதானியுங்கள். தாத்தாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், அப்பா வழியில் மட்டும் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம். எண் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். வயதைப் பார்த்து, இரு தரப்புக்கும் பொதுவான மற்ற உறவினர்கள் யார் என்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். எண்ணைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பக்கம், ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதால் உறவில்லை என்று ஆகாது. மூன்றுவிட்ட உறவினர்களில் 10ல் ஒருவரோடு கண்டறியும் அளவுக்குப் பொதுவான டிஎன்ஏ இருக்காது. நான்குவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரோடு இருக்காது.

தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணமுடித்த குடும்பங்களில் இந்தக் கணக்கு முழுக்கக் குழம்பும். ஒரே மனிதர் இரண்டு மூன்று வழியில் உறவாக இருப்பார். எல்லா வழியிலிருந்தும் வரும் சிறு துண்டுகள் கூடி, தூரத்து உறவை நெருங்கிய உறவாகக் காட்டும். அப்போது மொத்தக் கூட்டலை விட்டுவிட்டு, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். நெருங்கிய உறவில் நீளத் துண்டுகள் இருக்கும். பழைய உறவுகள் சேர்ந்து உண்டாக்கும் எண்ணில் எல்லாம் துக்கடாவாக இருக்கும்.

குழந்தைகளுக்கு எடுக்கலாமா?

நோய்க்காக மருத்துவர் சொன்னால் தாராளமாக. "என் பிள்ளை ஓட்டப்பந்தயத்துக்கா, பாட்டுக்கா" என்று பார்ப்பதற்கென்றால் வேண்டாம். தசையோடு தொடர்புள்ள ஏசிடிஎன்3 போன்ற மரபணுக்களை வைத்துத் திறமையைச் சொல்வது ஏமாற்று வேலைக்கு மிக அருகில் இருக்கிறது. மைதானத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது இதைவிடத் துல்லியம். நாற்பது வயதுக்கு மேல் வரும் நோய்களுக்காகவும் இப்போது சோதிக்க வேண்டாம். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

வேலை முடிந்ததும் கணக்கை மூடுவது

உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்றால் தரவை அங்கேயே விட்டுவைக்க அவசியமில்லை. வரிசை முக்கியம். முதலில் மூலத் தரவையும் அறிக்கைகளையும் உங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்து ஆராய்ச்சி அனுமதியைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே முடிந்த ஆய்விலிருந்து உங்கள் தரவை எடுக்க முடியாது, இனிமேல் போவதைத் தடுக்கலாம். பிறகு சேமித்துவைத்த மாதிரியை அழிக்கச் சொல்லுங்கள். இது பல தளங்களில் தனிப் பொத்தானாக இருக்கும், கணக்கை மூடுவதோடு தானாக நடக்கும் என்று நம்ப வேண்டாம். கடைசியாகக் கணக்கை அழியுங்கள். உறுதிசெய்யச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். அதற்குள் இருக்கும் இணைப்பைத் தட்டினால்தான் வேலை முடியும். பலரும் அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டுவிட்டு, அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பாம் பெட்டியிலும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், என்னுடையது அங்கேதான் கிடந்தது.